கோட்டைப்பட்டினத்தில் மேகம் கட்டிய வாரம்

திருச்சியில் விமானம் இறங்கிப் பெட்டிக்காகக் காத்து நின்றபோது, பக்கத்திலிருந்த ஒரு பெண்மணி தன் கணவரிடம் மலாய் மொழியில் சொன்னார்: "இனிமேல் ரகசியம் பேசுவதென்றால் இந்த மொழியில்தான். தமிழில் பேசினால் ஊருக்கே புரிந்துவிடும்."

நானும் பினாங்கிலிருந்துதான் வருகிறேன், எனக்கு இரண்டும் புரியும் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர் சொன்னது சரிதான். மலேசியாவின் தைப்பிங்கில் நான் வளர்ந்த வீட்டில் தமிழ் என்பது கதவைச் சாத்திக்கொண்டு பேசும் மொழி. கடைக்குப் போனால் அம்மாவும் நானும் கடைக்காரருக்குத் தெரியாமல் முணுமுணுத்துக்கொள்ளும் மொழி. இங்கே விமான நிலையத்துக்கு வெளியே வந்தால் ஆட்டோ ஓட்டுநர், போலீஸ்காரர், டீ விற்பவர் எல்லோரும் என் வீட்டு ரகசியத்தைச் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரவு முழுவதும் தூங்காத கண்களுக்கு அது விழித்துக்கொண்டே காணும் கனவு போல இருந்தது.

என் பாட்டன் இந்தப் பக்கத்து ஆள் என்பார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. அதைத் தேடி நான் வரவில்லை. நான் வந்தது வளர்மதியைப் பார்க்க.

வளர்மதி என்னோடு வேலை செய்கிறவள். எங்கள் கம்பெனி சின்னது. கிளினிக்குகளில் நோயாளிகளுக்குத் தொலைபேசியில் நினைவூட்டல் அனுப்புவது எங்கள் தொழில். நாளைக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும், மறக்காதீர்கள் என்று கணினியே அழைத்துச் சொல்லும். அவள் கோட்டைப்பட்டினத்தில் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்து எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறாள். மீன்பிடிக் குடும்பம். கொஞ்ச காலம் முன்பு அவள் எங்கள் முதலாளியிடம் கேட்டு, கம்பெனி இணையத்தில் வாடகைக்கு எடுத்திருக்கும் கிளவுடில் ஒரு மூலையை இலவசமாக வாங்கி, தன் கடற்கரைக்காக ஒன்றைத் தொடங்கினாள். காற்று எழும்பும் என்று வானிலை அறிவிப்பு வந்தால், கடலில் இருக்கும் படகுகளுக்கெல்லாம் அது ஒரே நேரத்தில் அழைப்பு போடும். சிக்னல் எட்டுகிற தூரம்வரை கேட்கும்.

அதில்தான் சிக்கல். அந்த மூலையைக் கட்டிக் கொடுத்த ஆள் அவசரத்தில் எல்லாவற்றையும் கையாலேயே கட்டிவிட்டு, வேலையை விட்டும் போய்விட்டார். முதலாளி கறாராகச் சொன்னார்: "மத்த எல்லாத்தையும்போல இதையும் கம்ப்யூட்டர் கோடா எழுதுங்க. இல்லன்னா மூடிருவோம். யாருக்கும் புரியாத ஒண்ண நான் வச்சுக்க முடியாது." வளர்மதியின் அப்பாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவளால் பினாங்கு வர முடியாது. நான் கிளம்பினேன்.

புதுக்கோட்டையில் ஏறிய பஸ் திருவரங்குளத்தில் படுத்துவிட்டது. டயர். கண்டக்டர் இறங்கி ஒரு சுற்று சுற்றி வந்து, "எல்லாரும் எறங்கிக்கங்க, கொஞ்ச நேரமாகும்" என்றார். யாரும் கோபப்படவில்லை. பினாங்கில் பஸ் நின்றால் ஒவ்வொருவரும் அவரவர் போனுக்குள் போய்விடுவோம். இங்கே இறங்கியவர்கள் ஒரே வீட்டுக்காரர்களைப் போல மரநிழலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தூரத்தில் கோயில் கோபுரம் வெயிலில் மெல்ல நடுங்கியது. எனக்குக் கண் சொக்கியது.

"எங்கிட்டு போறீங்க?" பக்கத்தில் பையோடு உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்.

"கோட்டைப்பட்டினம்."

"அங்கிட்டு யாரு இருக்கா?"

"கூட வேலை செய்யிற பொண்ணு."

"என்ன வேலை?"

"கம்ப்யூட்டர்."

"அப்ப ஒக்காந்த எடத்துலயே செய்யலாமே. எதுக்கு இம்புட்டுத் தூரம்?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் பையைத் திறந்து, ஒரு பேப்பரில் பலாச்சுளைகளை எடுத்து வைத்து என் மடியில் தள்ளினார். "தின்னுங்க. ஆலங்குடிப் பக்கத்துப் பழம்." தேனில் ஊறிய மாதிரி இருந்தது. எங்கள் ஊரிலும் பலா உண்டு, அதன் தம்பி போன்ற செம்படாக் பழம் உண்டு. ஆனால் பெயர் தெரியாத ஒருவர் மடியில் வைத்துத் தின்னச் சொன்ன பலாவை நான் அதற்கு முன் தின்றதில்லை.

அறந்தாங்கியில் வேறு பஸ். அதற்கப்புறம் நிலம் தட்டையாகிக்கொண்டே போனது. கண்மாய்கள், கருவேலங்காடு, உப்பு பூத்த வெள்ளைத் தரை. பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கடல் வந்துவிட்டது. சத்தமே இல்லை. அலை இல்லாத கடலை நான் அன்றுதான் பார்த்தேன். கரையோரம் ஏதோ ஒரு பெரிய விலங்கு மூச்சு விடுவதுபோல நீர் மெல்ல ஏறி இறங்கியது, அவ்வளவுதான். தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நீலம். நடுவில் கோடு இல்லை. படகுகள் காற்றில் தொங்குவதுபோல நின்றன.

பஸ் ஸ்டாப்பில் வளர்மதி ஸ்கூட்டியோடு நின்றாள். இத்தனை காலம் வீடியோ அழைப்பில் கழுத்துக்கு மேலே மட்டும் பார்த்த பெண். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க இவ்வளவு குட்டையா?" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வீட்டில் அவளுடைய அம்மா பாக்கியம் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வாங்க வாங்க. மொதல்ல சாப்புடுங்க, பேச்செல்லாம் பெறகு." நண்டுக் குழம்பும் சுடுசோறும். நான், "முதல்ல கொஞ்சம் பசியாறினா போதும்" என்றதும், "பசியாறவா? சாப்புடுறதத்தான் அப்புடிச் சொல்றீகளா? நல்லாருக்கே" என்று அந்த வாரம் முழுவதும் எல்லோரையும் பசியாறக் கூப்பிட்டார்.

அப்பா சிங்காரம் எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கைகூப்பினார். வாழ்நாளெல்லாம் படகு ஓட்டியவர். அகலமான தோள். கழுத்தில் ஒரு சின்னத் துணி மறைத்திருந்தது. அதற்குப் பின்னால் மூச்சு விட ஒரு துளை. புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார், பேச்சு போய்விட்டது. உதட்டை அசைப்பார். வீட்டில் இருப்பவர்கள் அதைப் படித்துக்கொள்வார்கள். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுவார்.

அன்று சாயங்காலம் வளர்மதியும் நானும் கரையில் நின்றிருந்தோம். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களின் போன்கள் ஒரே நேரத்தில் அடித்தன. ஒருவர் ஸ்பீக்கரில் போட்டார். கரகரப்பான, உரிமையுள்ள ஒரு குரல்:

"சிங்காரம் பேசுறேன். நாளைக்குக் கடல் நல்லாருக்கு. போயிட்டு வாங்கப்பா."

நான் திரும்பி வளர்மதியைப் பார்த்தேன். "ஆமாக்கா, அப்பாதான்" என்றாள். "இத ஆரம்பிச்சப்ப அப்பாவப் பேச வச்சுப் பதிவு பண்ணுனோம். நல்ல நாளு, காத்து நாளு, மழை நாளு, எல்லாத்துக்கும் ஒண்ணு. அதுக்குப் பெறகுதான் தொண்டையில நோவுன்னு போனோம்." கரையில் கொஞ்ச தூரத்தில் சிங்காரம் அண்ணன் ஒரு படகின் விளிம்பில் சாய்ந்து நின்றிருந்தார். தன் குரல் ஒவ்வொரு போனாக ஊர்ந்து போவதைத் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து மாடி அறையில் வேலை. ஜன்னலுக்கு வெளியே கடல் தூங்கிக்கொண்டிருக்கும். உள்ளே நாங்கள் இருவரும் ஒரு பழைய மின்விசிறியின் கீழே.

வேலை என்ன என்று பாக்கியம் அக்கா கேட்டபோது வளர்மதி சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது. "கிளவுடுன்னா வேற ஊர்ல ஓடுற பெரிய பெரிய கம்ப்யூட்டரும்மா. அதுல நமக்கு எடம் வாடகைக்குக் குடுப்பாங்க. முன்னாடி ஸ்க்ரீன்ல பட்டன் பட்டனா அமுக்கி அதுல வீடு கட்டுனாங்க. எதுக்கு எதை அமுக்குனாங்கன்னு கட்டுனவருக்கு மட்டுந்தான் தெரியும். இப்ப நாங்க அப்புடிச் செய்யிறதில்ல. என்னென்ன வேணும், எது எதோட சேரணும்னு எழுதி வச்சிருவோம். ஒரு கருவி அதைப் படிச்சு, அது மாதிரியே கட்டிரும். இடிஞ்சு போனாலும் திருப்பிக் கட்டிரும்."

"இடிஞ்சா உள்ள இருந்த சாமான்?" என்றார் பாக்கியம் அக்கா.

"அது தனியாப் பாத்துக்கணும்" என்றாள் வளர்மதி. அப்போது நாங்கள் யாரும் அதை நின்று யோசிக்கவில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அந்தக் கருவியின் ஒரு பழக்கத்துக்காகத்தான். எழுதிவைத்ததையும் உலகில் உண்மையில் இருப்பதையும் அது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். பிறகு, இதைச் சேர்ப்பேன், இதை மாற்றுவேன், இதை நீக்குவேன் என்று முதலில் சொல்லிவிடும். நாம் சரி என்று தட்டச்சு செய்தால்தான் கை வைக்கும். மனிதர்கள் யாரும் இத்தனை நாகரிகமாக என்னிடம் நடந்துகொண்டதில்லை.

ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் பார்த்து வரைபடம் எழுதுவது புதிதாகக் கட்டுவதைவிடக் கடினம். போனவர் எங்கெங்கோ கதவு வைத்திருந்தார். ஒன்றை எழுதி, கருவியிடம் காட்டி, "எதுவும் மாறாது" என்று அது சொல்லும்வரை திருத்துவோம். அந்த ஒரு வரி வந்தால் அந்தத் துண்டு நம் கைக்கு வந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு முறையும் வளர்மதி மேஜையைத் தட்டுவாள். கீழேயிருந்து சிங்காரம் அண்ணன் பதிலுக்குக் கை தட்டுவார். எழுதியதைப் பின்பு நிஜத்தில் கை வைக்காமல் ஓட்டிப் பார்க்க ஒரு சோதனைப் பிரதியும் கட்டினோம். அச்சு அசல் இரட்டைப் பிள்ளை.

நடுநடுவே ஊர். காலையில் இடியாப்பமும் மீன் குழம்பும். பரோட்டா கடையில் மாஸ்டர் மாவை வீசும்போது எனக்கு எங்கள் ஊர் ரொட்டி சானாய் ஞாபகம் வந்தது. சொன்னதற்கு, "அது எங்ககிட்ட இருந்து போனதுதான்" என்றார். பக்கத்து மேஜைக்காரர், "இல்ல, அங்கேருந்து இங்கிட்டு வந்தது" என்றார். இருவரும் வாதாட ஆரம்பித்தார்கள். நான் சாப்பிட்டுவிட்டு எழுந்தபோதும் முடியவில்லை. மதிய நேரத்தில் பள்ளிவாசல் பாங்கு நீரின் மேல் மிதந்து போய், எதிலும் மோதாமல், எங்கோ கரைந்துவிடும். நான் பாதித் தூக்கத்திலேயே வேலை செய்தேன். அந்த ஊர் என்னை முழுவதுமாக விழிக்க விடவில்லை.

நடந்தது நாட்டுப்படகுகள் கடலுக்குப் போயிருந்த ஒரு நாளின் மதியம்.

எல்லாம் எழுதி முடித்துவிட்டோம். இனி சோதனைப் பிரதி தேவையில்லை, அழித்துவிடலாம் என்று முடிவு செய்தோம். கோப்புகள் இருக்கும் சேமிப்புக் கிடங்குகளைக் கருவி லேசில் அழிக்காது. உள்ளே பொருள் இருந்தால் மறுக்கும். அதனால் காலையிலேயே, உள்ளே இருந்தாலும் பரவாயில்லை, நீக்கு என்று ஒரு வரி சேர்த்திருந்தோம். இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே கோட். அந்த வரி இரண்டுக்குமே போய்ச் சேர்ந்திருந்தது.

அப்போது கரண்ட் போனது. வளர்மதியின் லேப்டாப்பில் பேட்டரி செத்து வெகுநாளாகிறது. அதுவும் அணைந்தது. கரண்ட் வந்ததும் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். நீக்கப்போகும் பட்டியல் திரையில் நீளமாக ஓடியது. பெயர்களெல்லாம் பழக்கமானவை. "சரிதானேக்கா?" என்றாள். "சரிதான்" என்றேன். அவள் ஆமாம் என்று தட்டினாள்.

எந்தப் பிரதி என்று சொல்லாமல் திறந்தால் அது நிஜத்தைத்தான் காட்டும். புதிதாகத் திறந்த திரை நிஜத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

வரிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அழகாகக்கூட இருந்தது. பாதியில் வளர்மதியின் கை நின்றது. "அக்கா. பேரப் பாருங்க. கடைசியில டெஸ்ட்னு இல்ல."

நிறுத்தினாள். அதற்குள் ஏறக்குறைய எல்லாமே போயிருந்தது. பேசுவதற்கு எங்களுக்கு நேரமில்லை. சாயங்காலம் மேற்கிலிருந்து பலத்த காற்றும் இடியும் வரும் என்ற அறிவிப்பு அவளுடைய போனில் அப்போதுதான் வந்தது.

ஜன்னலுக்கு வெளியே கடல் கண்ணாடிபோலக் கிடந்தது. அதில் எங்கோ படகுகள். கோட்டைப்பட்டினத்தின் படகுகள் மட்டுமல்ல. வடக்கிலும் தெற்கிலும் பல கிராமங்கள் அந்த அழைப்பை நம்பியிருந்தன.

வளர்மதி வெளிறிப்போய் எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். பிறகு, "கட்டிருவோம்" என்றாள்.

கீழே இறங்கி நான் விஷயத்தைச் சொன்னேன். பாக்கியம் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, தெரிந்த படகுக்காரர்களை ஒவ்வொருவராக அழைக்க ஆரம்பித்தார். "ஏய், மேக்க இருட்டப்போவுதாம். வந்துருங்க. மிசினு கெட்டுப்போச்சு, அதான் நானு." அவருக்குத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தெரியாத ஊர்ப் படகுகளுக்கு யார் சொல்வது?

மேலே வந்தபோது வளர்மதி கருவியை ஓட்டிவிட்டிருந்தாள். எதை முதலில் கட்ட வேண்டும், எது எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று அதுவே கணக்குப் போட்டுக்கொண்டது. முதலில் பாதைகள். பிறகு வாசல்கள். பிறகு சர்வர்கள். திரையில் "உருவாகிறது" என்ற சொல் தோன்றுவதும், "உருவாயிற்று" என்று மாறுவதுமாக இருந்தது. போனவர் பல வாரம் பட்டன் அழுத்திக் கட்டியதை அது, எங்கள் கண்ணெதிரே, ஒரு டீ குடித்து முடிக்கும் நேரத்தில் எழுப்பியது. போன் எண்கள் இருந்த தரவுத்தளத்துக்குத் தினமும் வேறொரு இடத்தில் நகல் எடுக்கும் வழக்கம் இருந்ததால் அதுவும் திரும்பியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல அழுகை.

வளர்மதி தன் எண்ணுக்கு மட்டும் ஒரு சோதனை அழைப்பு போட்டாள். போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

"என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

கிடங்கு திரும்பக் கட்டப்பட்டிருந்தது. உள்ளே எதுவும் இல்லை. சோதனைப் பிரதியில் நாங்கள் போட்டு வைத்திருந்தது வெறும் பீப் ஒலிகள்தான், சிங்காரம் அண்ணனின் குரல் நிஜத்தின் கிடங்கில் மட்டும்தான் இருந்தது. அதற்கு நகல் எடுக்க யாரும் எழுதி வைக்கவில்லை. பதிவு செய்த போன் எப்போதோ கடலில் விழுந்துவிட்டது.

மாடிப்படியில் அவர் நின்றிருந்தார். எப்போது ஏறி வந்தார் என்று தெரியவில்லை. மகளுடைய முகத்தைப் பார்த்தார். அவள், "அப்பா, ஒங்க கொரலு..." என்று தொடங்கி, முடிக்கவில்லை. அவர் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். கதவு நிலையைத் தாண்டி உள்ளே வந்தார். பிறகு கையால் கடலைக் காட்டினார். சீக்கிரம்.

வளர்மதிக்குக் குரல் நடுங்கியது. அதனால் நானே பேசிப் பதிவு செய்தேன். "மீனவ நண்பர்களின் கவனத்துக்கு. இன்று மாலை மேற்கிலிருந்து பலத்த காற்று வீசக்கூடும். தயவுசெய்து கரைக்குத் திரும்பவும்." எங்கள் ஊர் வானொலியில் செய்தி வாசிப்பவர்போல, தெளிவாக, மரியாதையாக. அனுப்பினோம்.

எந்த அழைப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்று திரையில் தெரியும். எடுத்தார்கள். எடுத்த வேகத்தில் வைத்தார்கள். அடுத்தது. அதுவும் அப்படியே. ஒருவர்கூட முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை.

"லோன் வேணுமான்னு கேக்குற பொம்பளன்னு நெனைக்கிறாங்கக்கா" என்றாள் வளர்மதி. மேற்கே, நிலத்தின் பக்கம், வானத்தின் அடியில் ஒரு கருநீலப் பட்டை எழுந்திருந்தது.

அப்போது சிங்காரம் அண்ணன் பலமாகக் கை தட்டினார். நாங்கள் திரும்பினோம். அவர் தன் நெஞ்சில் ஓங்கி அடித்தார். மகளைக் காட்டினார். மறுபடி நெஞ்சில் அடித்தார். உதடுகள் அசைந்தன. எனக்குப் புரியவில்லை. வளர்மதி மெதுவாகப் படித்தாள்: "எம் பேரச் சொல்லு."

அவள் போனை வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"சிங்காரம் மக வளர்மதி பேசுறேன். மேக்க இருந்து காத்து வருது. வலைய இழுத்துக்கிட்டு வாங்க. இழுக்க முடியலன்னா அறுத்து விட்டுட்டு வாங்க. இப்பவே வாங்க."

அனுப்பினோம். முதல் அழைப்பு ஓடியது. வைக்கவில்லை. இரண்டாவது. வைக்கவில்லை. கடைசிச் சொல்வரை கேட்டார்கள். திரை நெடுகிலும் முழு அழைப்புகள். சிலர் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருந்தார்கள். அது ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

கரைக்கு ஓடினோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கடலின் மங்கலிலிருந்து புள்ளிகள் பிரிந்து வந்தன, தூக்கத்திலிருந்து ஒவ்வொரு ஞாபகமாக வருவதுபோல. எஞ்சின் சத்தம் பின்னால் வந்தது. ஆள்கள் குதித்து இறங்கிப் படகை இழுத்தார்கள். கரையில் நின்ற எல்லோரும் எண்ணினார்கள், நானும் எண்ணினேன், எதை எண்ணுகிறேன் என்று தெரியாமலே. காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து அறைந்தபோது ஒரு படகு மட்டும் வெளியே இருந்தது. அது தடுமாறி, சாய்ந்து, ஒருவழியாகத் தெற்கே ஒதுங்கியது என்று போன் வந்தது. வலையை அறுத்துவிட்டு வந்திருந்தார்கள். ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. மற்ற ஊர்களிலிருந்தும் அதே செய்தி. அலையே இல்லாத அந்தக் கடல் அன்று சாயங்காலம் எழுந்து நின்றதை நான் பார்த்தேன். மறுபடி பார்க்க விரும்பவில்லை.

வளர்மதி அப்பாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். "ஒங்க கொரல அழிச்சிட்டேம்ப்பா." அவர் அவளுடைய தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். பாக்கியம் அக்கா உள்ளே போய் உலை வைத்தார். அன்று அவர் யாரையும் பசியாறக் கூப்பிடவில்லை.

அடுத்த நாள் முழுவதும் பூட்டுப் போடும் வேலை. நிஜத்தின் கிடங்கை யார் சொன்னாலும் அழிக்கக் கூடாது என்று எழுதினோம். அதற்கு நகல் எடுக்கவும் எழுதினோம். இரட்டைப் பிள்ளைகளைத் தனித்தனிக் கணக்குகளில் பிரித்து வைத்தோம். நிஜத்தைத் திறந்தால் திரை சிவப்பாகும்படி செய்தாள் வளர்மதி. எந்த மாற்றமும் இன்னொருவர் படித்து ஒப்புக்கொண்ட பிறகே நடக்கும் என்றும் வைத்தோம். அதுவும், படிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுபவராக இல்லாமல், தன் இடத்தில் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். நடந்த எல்லாவற்றையும் முதலாளிக்குச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "அப்போ, திருப்பிக் கட்ட முடியுதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார். மூட மாட்டார் என்று பொருள்.

நான் கிளம்ப வேண்டிய நாள் காலை. பெட்டி வாசலில் நின்றது. பாக்கியம் அக்கா கருவாட்டைப் பொட்டலம் மேல் பொட்டலமாகக் கட்டிக்கொண்டிருந்தார். சுங்கத்தில் பிடிப்பார்கள் என்று சொன்னால் கேட்கவில்லை. அப்போது ஒருவர் ஈரக் கைலியோடு வந்து நின்றார். ஜமால். தெருமுனை வீட்டுக்காரர், சொந்தமாக நாட்டுப்படகு வைத்திருப்பவர், முப்பது வயதிருக்கும்.

"மாமா எங்க? எம் போன்ல கூப்புடுறதெல்லாம் தானாப் பதிவாயிருதாம். எனக்கே தெரியாது, நேத்துத்தான் மச்சான் பாத்துச் சொன்னான்."

சிங்காரம் அண்ணன் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலிருந்து நிமிர்ந்தார். ஜமால் தரையில் உட்கார்ந்து போனை நடுவில் வைத்தார்.

எஞ்சின் இரைச்சல். அதற்கு மேலே அந்தக் கரகரப்பு. "சிங்காரம் பேசுறேன். காத்து ஏறுது. கரைக்கு வாங்கப்பா." பாக்கியம் அக்காவின் கையில் இருந்த சணல் நின்றுவிட்டது. பதிவு அத்தோடு முடியவில்லை. போனுக்குள்ளிருந்து ஜமாலின் குரல், கத்திச் சொன்னது: "வாரேன் மாமா! இந்தா, வலைய இழுத்துட்டேன்!"

அடுத்தது. "நாளைக்குக் கடல் நல்லாருக்கு. போயிட்டு வாங்கப்பா." "சரி மாமா." அடுத்தது. "மழை இருக்கு, பாத்துப் போங்க." "சரி சரி. நீங்க சாப்புட்டீங்களா மாமா?"

வளர்மதி ஜமாலைப் பார்த்தாள். "அண்ணே, அது மிசினு. பேசுனா கேக்காது. தெரியாதா?"

"தெரியும்" என்றார் ஜமால், கொஞ்சம் கூச்சத்தோடு. "மாமா கூப்புட்டா, பதிலு சொல்லாம எப்புடி வைக்கிறது? எல்லாருந்தான் சொல்லுவோம். அன்னைக்கு ஒனக்கும் சொன்னோம்."

சிங்காரம் அண்ணன் கையைத் தரையில் ஊன்றி முன்னால் குனிந்தார். விரலால் போனைத் தட்டினார். இன்னொரு தடவை. ஜமால் போட்டார். அவர் தன் குரலைக் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. அது ஓடும்போது பொறுமையில்லாமல் இருந்தார். பதில் வரும் இடத்தில்தான் அவருடைய முகம் மாறியது. ஒவ்வொன்றாக, எல்லாவற்றையும் கேட்டார்.

"அப்பா, இத எடுத்துத் திருப்பிப் போட்டுரட்டுமா?" என்றாள் வளர்மதி. அவர் மகளைக் காட்டி, வேண்டாம் என்று தலையசைத்தார். நீயே பேசு.

பிறகு ஜமாலின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, நிதானமாக உதடுகளை அசைத்தார். ஜமால் கூர்ந்து பார்த்தார்.

"என்ன சொல்றாரு?" என்றேன் நான்.

"சாப்புட்டாராம்" என்றார் ஜமால்.

பாக்கியம் அக்கா தட்டை எட்டிப் பார்த்தார். "பொய்யி. ஒரு வாயிகூட வைக்கல. ஒக்காருடா, ஒனக்கும் போடுறேன். நீங்களும் வாங்க தங்கச்சி, பஸ்சு போனா அடுத்த பஸ்சு. பசியாறிட்டுப் போங்க."